யார் காதுக்குச் சரி?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஒருவர், தாம் எழுதியதைக் கொஞ்சம் பார்த்துத் தரும்படி கேட்கிறார். என்ன செய்ய வேண்டும்? இதற்கு நம்மிடம் ஒரு விடை தயாராக இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் இதை எப்படி எழுதுவாரோ அப்படி மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். அவர் காதை உறுத்துவதெல்லாம் பிழை. அதிலும் இந்திய வாடை அடிக்கும் சொற்களை முதல் வேலையாகக் களைய வேண்டும். பயிற்சி மையங்களின் விளம்பரங்களும், ‘இந்தியர்கள் செய்யும் தவறுகள்’ என்று பட்டியல் போடும் காணொளிகளும், இளையவரின் மின்னஞ்சலைச் சிவப்பு மையால் நிரப்பும் மேலாளர்களும் நிற்பது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

பிறர் எழுதிய ஆங்கிலத்தைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. இந்த நம்பிக்கை எழுதுபவருக்கு நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்கிறது என்பதை அந்த வேலைதான் எனக்குக் காட்டியது. ஒரு சொல் சரியா என்பதை, அதைப் படிக்கப்போகிறவர் யார், அவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். அடுத்த முறை அந்த முடிவை எழுதுபவரே எடுக்கும்படி செய்வதுதான் உதவி. இதற்கு மாறாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வாதம் 1: ஆங்கிலம் தாய்மொழியாக வாய்த்தவருக்குத்தான் எது சரியென்று தெரியும்

தெரியும், உண்மை. ஆனால் ஏன் சரி என்று பெரும்பாலும் சொல்லத் தெரியாது. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் ‘நான்’ ஏன் வரவில்லை என்று தமிழ் கற்கும் வெளிநாட்டவர் கேட்டால், தமிழ் இலக்கணம் படிக்காத தமிழர் எத்தனை பேர் விளக்குவார்கள்? ‘அப்படித்தான் சொல்லுவோம்’ என்பார்கள். ‘அட்வைஸ்’ என்ற சொல்லுக்குப் பன்மை ஏன் இல்லை என்று கேட்டால் லண்டன்காரரும் அதையேதான் சொல்வார். கற்பவருக்கு அந்தப் பதில் எதற்கும் உதவாது.

இன்னொன்று, அந்தக் காதும் ஒரே காது இல்லை. ‘டேபிள்’ என்பதை வினையாகச் சொன்னால் பிரிட்டனில் ஒரு விஷயத்தை விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள். அமெரிக்காவில் அதையே விவாதிக்காமல் ஒத்திவைப்பது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் ஒரு கூட்டத்தில் இந்தச் சொல்லை வைத்து நெடுநேரம் சண்டையிட்டதையும், இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்பது பிறகுதான் தெரியவந்ததையும் சர்ச்சில் தமது போர் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். ‘க்வைட் குட்’ என்று அமெரிக்கர் சொன்னால் பாராட்டு; பிரிட்டிஷ்காரர் சொன்னால் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான். இதில் எந்தக் காதை நாம் நீதிபதியாக வைப்பது?

ஆங்கிலம் கற்பவருக்கு இன்றுவரை மிகப் பெரிய துணையாக இருக்கும் கருவி ‘லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’. அது எங்கே பிறந்தது என்று பாருங்கள். ஏ.எஸ். ஹார்ன்பி 1920களில் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் போனவர். அங்கே மாணவர்கள் எந்தச் சொல்லில், எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்து, இரு சகாக்களோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பு செய்தது. ஒரு பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா இல்லையா, ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன அமைப்பு வரும் என்றெல்லாம் அதில் குறித்திருந்தார்கள். இங்கிலாந்தில் பிறந்தவருக்கு இந்தக் குறிப்புகள் தேவைப்படவே படாது. ஆகவே அவர்களுக்கான அகராதிகளில் இவை பெரும்பாலும் இடம்பெற்றதும் இல்லை.

மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளச் சிறுவர்களுக்கு முதலில் எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்ற கேள்வியில் தொடங்கிய அவருடைய வேலை, 1953இல் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அடிப்படைப் பட்டியலாக வந்து நின்றது. ஹார்ன்பிக்கும் வெஸ்டுக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான். ஆனால் அவர்கள் செய்த உதவி தங்கள் காதிலிருந்து வரவில்லை. கற்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே திணறுகிறார் என்று பார்த்ததிலிருந்து வந்தது. அப்படிப் பார்க்கத் தெரிந்த எவரும், தாய்மொழி எதுவானாலும், நல்ல உதவி செய்ய முடியும்.

வாதம் 2: இந்திய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பிழை

இந்த வாதத்துக்கு எப்போதும் முதல் பலி ‘ப்ரிபோன்’. ஒரு கூட்டத்தை முன்கூட்டியே நடத்துவதைக் குறிக்கும் இந்தச் சொல்லை இந்தியர்கள் தவறாக உண்டாக்கியதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதே பொருளுக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு, 1913இல் நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம். ‘டூ த நீட்ஃபுல்’ என்ற தொடரும் நம் குமாஸ்தாக்கள் கண்டுபிடித்தது இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ்காரர்களே தாராளமாக எழுதிய தொடர் அது. அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம். ‘கெட்’ என்ற வினையின் ‘காட்டன்’ என்ற பழைய வடிவத்தை பிரிட்டன் கைவிட்டபோது அமெரிக்கா வைத்துக்கொண்டது. அதை நாம் அமெரிக்கப் பிழை என்று பட்டியல் போடுவதில்லையே!

ஸ்ரீநகரில் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த மொழியியலறிஞர் பிரஜ் கச்ரு, 1985இல் உலக ஆங்கிலங்களை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். பிரிட்டன், அமெரிக்கா போன்றவை உள்வட்டம். இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போல ஆங்கிலம் நிர்வாகத்திலும் கல்வியிலும் வேரூன்றிய நாடுகள் வெளிவட்டம். ஜப்பான், சீனா போல அயல்மொழியாகக் கற்கும் நாடுகள் விரியும் வட்டம். வெளிவட்ட நாடுகளில் ஆங்கிலம் தனக்கென்று வழக்குகளை உருவாக்கிக்கொள்வது இயல்பு, அதைப் பிழைப் பட்டியலாகப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய வாதம்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு ‘எல்லாம் சரி, எழுதுங்கள்’ என்று அனுப்பிவிடவும் முடியாது. வேலை கேட்டு எழுதும் கடிதங்களில் அடிக்கடி தென்படும் வாக்கியங்கள் இவை: ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022. ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ். ஐ ஹேவ் எ டவுட் இன் த ஜாப் டிஸ்கிரிப்ஷன். கைண்ட்லி ரிவர்ட்.’ இந்தக் கடிதம் கோயம்புத்தூர் நிறுவனத்துக்குப் போகிறதென்றால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வராது. டொராண்டோவுக்குப் போகிறதென்றால் ஒவ்வொரு வாக்கியமும் வெவ்வேறு விதமாகப் போய்ச் சேரும்.

‘பாஸ்டு அவுட்’ அங்கே படிப்பவருக்கு மயங்கி விழுந்ததைச் சொல்லும். படிப்பை முடித்த செய்தி போய்ச்சேராமலே போகலாம். ‘டவுட்’ இவற்றில் மிகவும் ஆபத்தானது. நாம் கேள்வி என்ற பொருளில் எழுதுகிறோம். அவர் நம்பிக்கையின்மை என்று வாசிக்கிறார். வேலை கேட்பவர் வேலை விவரத்தையே சந்தேகிப்பது போலிருக்கும். ‘ரிவர்ட்’ அவருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. எதற்குத் திரும்பச் சொல்கிறார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுப் புரிந்துகொள்வார். ‘ஐ ஆம் ஹேவிங்’ உறுத்தும், ஆனால் பொருள் மாறாது.

பட்டியல் போடுபவர் இவை நான்கையும் ஒரே சிவப்புக் கோட்டால் அடிப்பார். படிப்பவரை நினைத்துப் பார்ப்பவர் ‘டவுட்’டையும் ‘பாஸ்டு அவுட்’டையும் முதலில் பிடிப்பார், ‘ரிவர்ட்’டை அடுத்துச் சொல்வார், ‘ஐ ஆம் ஹேவிங்’கை நிதானமாக, காரணத்தோடு கற்றுக்கொடுப்பார். கோயம்புத்தூர் கடிதமென்றால் ‘ரிவர்ட்’ இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடவும் அவருக்குத் தெரியும். அதேபோல், ‘லேக்’ என்றும் ‘க்ரோர்’ என்றும் இந்திய வாசகருக்கு எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டு முதலீட்டாளருக்கு எழுதும்போது மில்லியனுக்கு மாற்றாவிட்டால், அவர் தொகையையே தவறாகப் புரிந்துகொள்வார்.

வாதம் 3: இலக்கண விதிகளை மனப்பாடம் செய்தால் சரியான சொல் தானே வரும்

எந்த விதிகள்? வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச் சொல் வரக் கூடாது என்று இன்றும் பலர் திருத்துகிறார்கள். கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் பென் ஜான்சனின் வரியொன்றைக் குறை சொன்னதிலிருந்து பரவிய விதி அது. டிரைடன் பிறகு தமது பழைய எழுத்தைக்கூட அதற்காகத் திருத்திக்கொண்டார். ஆனால் ஆங்கிலம் அதற்கு முன்பும் பின்பும் அப்படி எழுதியே வந்திருக்கிறது. எண்ணக்கூடிய பொருள்களுக்கு ‘லெஸ்’ ஆகாது, ‘ஃப்யூவர்’தான் வேண்டும் என்ற விதி, 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தமக்கு இது மேலாகப் படுகிறது என்று எழுதிய கருத்தாகத்தான் தொடங்கியது. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரெட் மன்னர் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ வருகிறது. ஒரு கற்பவரின் பக்கத்தில் இவற்றைத் திருத்துவதில் செலவிடும் நேரம், அவருக்கு உண்மையாகத் தேவைப்படும் உதவியிலிருந்து எடுக்கப்பட்ட நேரம்.

அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் எந்த விதிக்குள்ளும் அடங்காதது. ‘மேக் எ மிஸ்டேக்’ என்கிறோம், ‘டூ எ மிஸ்டேக்’ என்பதில்லை. ‘டூ ஹோம்வொர்க்’ என்கிறோம், ‘மேக் ஹோம்வொர்க்’ என்பதில்லை. மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. ‘ஸ்ட்ராங்’ மழை என்று பொதுவாகச் சொல்வதில்லை. இதற்கு இலக்கணக் காரணம் கிடையாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது பழக்கம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான ஆங்கில எழுத்தையும் பேச்சையும் கணினியில் ஏற்றி ஆராய்ந்து உருவான கோபில்டு அகராதி 1987இல் வெளிவந்தது. மனிதர்கள் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பதைவிட, ஒன்றோடொன்று ஒட்டிவரும் தொடர்களாகவே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அந்த ஆய்வு கண்கூடாகக் காட்டியது. ஒரு சொல்லைச் சரியாகக் கற்பது என்றால் அதன் பொருளோடு அதற்குத் துணைவரும் சொற்களையும் சேர்த்துக் கற்பதுதான்.

இங்கே நம் பக்கத்திலேயே நடந்த ஒரு முயற்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் பள்ளி வகுப்புகளில் நடத்திய பரிசோதனை, பெங்களூரு திட்டம் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. இலக்கணப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்; வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார். மாணவரின் கவனம் பொருளில் இருக்கும்போதே மொழியின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது அவருடைய கொள்கை. பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகம் முழுதும் பேசப்படும் முறைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். அந்தத் திட்டம் நடந்த சென்னையிலேயே இன்றும் ‘முதலில் விதி, பிறகு பேச்சு’ என்று பயிற்சி மையங்கள் பணம் வாங்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

வாதம் 4: கனமான சொல்தான் நல்ல ஆங்கிலம்

‘ஸ்டார்ட்’ என்று எழுதியிருந்தால் ‘கமென்ஸ்’ என்று மாற்றுவது, ‘யூஸ்’ என்பதை ‘யூடிலைஸ்’ ஆக்குவது, ‘டெத்’துக்கு ‘டிமைஸ்’ போடுவது. இப்படித் திருத்தித் தருபவர்கள் தங்களை அறியாமலே எழுதியவரைக் கீழே தள்ளுகிறார்கள். எளிய சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தவர், அது போதாது என்று நம்பத் தொடங்குகிறார். பிறகு ஒத்தபொருட்சொல் அகராதியைத் திறந்து, பொருள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் துணைச் சொற்கள் முற்றிலும் வேறான ஒன்றை எடுத்து ஒட்டவைக்கிறார். அப்போதுதான் உண்மையான பிழை உண்டாகிறது.

ஆங்கிலேயர்களே இந்த நோயோடு போராடியிருக்கிறார்கள். அரசு அலுவலர்களின் கடிதங்கள் மக்களுக்குப் புரியவில்லை என்ற நிலையில், பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் சர் எர்னஸ்ட் கவர்ஸ் 1948இல் ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற நூலை எழுதினார். தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் அதிகாரிகளுக்கு ‘எளிமையாக எழுதுங்கள்’ என்று சொல்ல ஒரு முழு நூல் தேவைப்பட்டது. லாங்மன் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த கற்பவர் அகராதி, தன் விளக்கங்கள் அனைத்தையும் ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள்ளேயே எழுதிக் காட்டியது. அத்தனை சொற்களின் பொருளையும் 2,000 சொற்களால் விளக்க முடியுமென்றால், ஒரு விடுப்புக் கடிதத்துக்கு ‘கமென்ஸ்மெண்ட்’ எதற்கு?

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1980களில் ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தை வகுத்தது. அனுமதிக்கப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியல். கூடுமானவரை ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும்தான். அறிவுறுத்தலுக்குக் கட்டுப்படுவதைச் சொல்ல ‘ஒபே’ என்று எழுத வேண்டும். அந்தக் கையேட்டைப் படித்து விமானத்தைப் பழுதுபார்ப்பவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம் என்பதால் வந்த ஒழுங்கு அது. உயிர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் உலகம் கனமான சொல்லைத் தேடவில்லை, ஐயமில்லாத சொல்லைத் தேடியது.

வாதம் 5: தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும்

எல்லா வாதங்களிலும் எனக்கு மிகுந்த வலி தருவது இதுதான். ‘தமிழில் யோசிக்காதே’ என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, அவர்கள் கையிலிருக்கும் மிகக் கூர்மையான கருவியைப் பிடுங்கிப் போடுகிறோம். தமிழ் ஆங்கிலத்துக்குக் குறுக்கே வரும் இடங்கள் உண்டு. ஆனால் வழிகாட்டும் இடங்களும் அதே அளவுக்கு உண்டு. சிலவற்றை அருகில் வைத்துப் பார்ப்போம்.

தமிழருக்கு ஆங்கிலத்தில் ஆகக் கடினமானது ‘எ’, ‘த’ இரண்டையும் இடமறிந்து போடுவது. தமிழில் அப்படிப்பட்ட சொல் இல்லை என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறார்கள். சொல் இல்லைதான், ஆனால் அந்த வேறுபாடு தமிழில் இருக்கிறது. ‘நேற்று புத்தகம் வாங்கினேன்’ என்று சொன்னால் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்று தெரியாது. ஏதோ ஒரு புத்தகம். ‘நேற்று புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் முன்பே பேசிக்கொண்ட, இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். முதலாவது ‘எ புக்’. இரண்டாவது ‘த புக்’. ‘ஐ’ உருபு வந்து ஒட்டுகிறதா இல்லையா என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே பாதி இடங்களில் விடை கிடைத்துவிடும். மனிதர்களைக் குறிக்கும் சொற்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே ‘ஐ’ பொதுவாக வந்துவிடும். எழுவாய் இடத்திலும் பொருந்தாது. அங்கே ‘ஒரு’ போட்டால் சரியாக வருகிறதா, ‘அந்த’ போட்டால் வருகிறதா என்று பார்க்கலாம். எல்லா இடத்துக்கும் இது போதாது. ஆனால் ‘மனப்பாடம் செய்’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங்’ வகை. இவை தமிழின் பாதிப்பு என்று பழி சுமத்துவார்கள். தமிழிடமே கேட்டுப் பாருங்கள். ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எந்தத் தமிழராவது சொல்வாரா? ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்போமா? மாட்டோம். ஆனால் ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்போம். ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ முற்றிலும் சரி. ‘கொண்டிரு’ பொருந்தும் இடத்தில் ‘இங்’ போடு, பொருந்தாத இடத்தில் எளிய நிகழ்காலம் போடு என்று சொன்னால், பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த நிமிடமே பிடித்துக்கொள்ளும். அதே பிள்ளைக்கு ‘ஸ்டேட்டிவ் வெர்ப்’ என்று பெயர் சொல்லி ஒரு பட்டியலைக் கொடுத்தால், அடுத்த வாரம் பட்டியலோடு சேர்த்துப் பாடமும் மறந்துபோகும்.

‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுவதையும் இப்படியே சரிசெய்யலாம். ‘ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்பதில் வரும் ‘ஆக’ ஆங்கிலத்தில் ‘ஃபார்’. ‘2019இலிருந்து இங்கே இருக்கிறேன்’ என்பதில் வரும் ‘இலிருந்து’ ஆங்கிலத்தில் ‘சின்ஸ்’. கால அளவா, தொடங்கிய புள்ளியா என்ற வேறுபாட்டைத் தமிழ் தினந்தோறும் செய்கிறது. ‘பிரிங்’, ‘டேக்’ குழப்பத்துக்குக் ‘கொண்டுவா’, ‘கொண்டுபோ’ இருக்கிறது. ‘ரிமெம்பர்’, ‘ரிமைண்ட்’ குழப்பத்துக்கு ‘நினைவில் வை’, ‘நினைவூட்டு’ இருக்கிறது.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. ‘பார்’ என்ற ஒரே வினையை ஆங்கிலம் ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்ற பிழை, ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’யிலிருந்து வருவது. இங்கே தமிழ் இழுத்துவிடுகிறது என்று எழுதுபவருக்குத் தெரிந்தால்தான் அந்த இடத்தில் கவனமாக இருப்பார். அதற்கும் அவர் தமிழை அருகிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைத் திருத்துவது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போலத்தான்.

வாதம் 6: பிழை கண்ட இடத்தில் சரியானதை எழுதிக் கொடுத்துவிடுவதே உதவி

வேகமான வழி இதுதான். இப்போது மென்பொருள்கள் ஒரு நொடியில் முழுக் கடிதத்தையும் மாற்றி எழுதித் தந்துவிடுகின்றன. அவசரக் கடிதத்துக்கு அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர் என்ன சொல்ல நினைத்தார் என்று கேட்காமல் திருத்தும்போது, பிழையோடு பொருளும் மாறிப்போகிறது. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது கேள்வியா, உண்மையிலேயே நம்பிக்கைக் குறைவா என்று எழுதியவருக்குத்தான் தெரியும். அவரிடம் ‘இங்கே நீங்க கேள்வி கேட்கிறீங்களா, சந்தேகப்படுறீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் சொல்லைத் தேர்வது?

கற்றலின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்த வாதம் நிற்காது. ராய் லைஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழியில் பயிலும் தொடக்கப் பள்ளி வகுப்புகளைக் கவனித்து 1997இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகவும் பேசப்படுவது. மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவதுதான் அங்கே பாதிக்கும் மேற்பட்ட திருத்தங்களாக இருந்தது. மாணவர் அந்தத் திருத்தத்துக்கு எதிர்வினை காட்டியது மிகக் குறைவாக நடந்ததும் அந்த முறையில்தான். ‘இன்னொரு முறை சொல்’, ‘இதை எப்படிச் சொல்வோம்?’ என்று ஆசிரியர் பதிலை அவரிடமிருந்தே வரவழைத்தபோது, மாணவர்கள் பல நேரங்களில் தங்கள் பிழையைத் தாங்களே சரிசெய்தார்கள்.

எழுத்திலும் இதைச் செய்யலாம். நான் ஒரு கடிதத்தைப் பார்க்கும்போது, பொருளை மாற்றும் பிழைகளை மட்டும் முதல் சுற்றில் குறிப்பேன். விடையை எழுத மாட்டேன். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவேன். ‘படிப்பவர் இதை மயக்கம் என்று நினைக்கலாம். வேறு எப்படிச் சொல்லலாம்?’ இரண்டாம் சுற்றில் ஒரே வகைப் பிழையை எடுத்து, அது வரும் இடங்களையெல்லாம் அவரையே தேடச் சொல்வேன். மற்றவை அடுத்த கடிதத்துக்கு. பக்கம் முழுவதும் சிவப்பாகத் திரும்பி வந்தால், அவர் கற்றுக்கொள்ளும் ஒரே பாடம் இனி யாரிடமும் காட்டக் கூடாது என்பதுதான்.

அப்படியென்றால் எதுவும் பிழையே இல்லையா?

இவ்வளவையும் கேட்டவர்கள் கடைசியில் எழுப்பும் கேள்வி இது. ‘படிப்பவருக்குப் புரிந்தால் போதும் என்றால், சொல் தேர்வில் அக்கறையே வேண்டாமா?’ நேர்மாறாகச் சொல்கிறேன். படிப்பவரை, கேட்பவரை முன்னால் வைத்தால் அக்கறை இன்னும் கூடத்தான் வேண்டும்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஏவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம், 158 பேரோடு நியூயார்க்கை நெருங்கியது. மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் ‘ப்ரையாரிட்டி’ வேண்டும் என்றார்கள். முதல் முயற்சியில் தரையிறங்க முடியாமல் மேலெழும்பிய பிறகு எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி துணை விமானியிடம் ஸ்பானிய மொழியில் சொன்னார். ஆனால் ‘எமர்ஜென்சி’ என்ற அந்தச் சொல் வானொலியில் போகவே இல்லை. விமானம் எரிபொருள் இன்றி லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். விமானிகள் அவசரநிலையைத் தெரிவிக்கத் தவறியதை விசாரணை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. குறைந்தபட்ச எரிபொருள், அவசர எரிபொருள் ஆகிய நிலைகளைக் குறிக்க விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் பொதுவான, தெளிவான சொற்கள் இல்லாததையும் துணைக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

‘ப்ரையாரிட்டி’ இலக்கணப் பிழை இல்லை. உச்சரிப்புப் பிழையும் இல்லை. எந்தப் பிழைப் பட்டியலிலும் அது வராது. கேட்பவருக்கு அது என்னவாகப் போய்ச் சேரும் என்பதில்தான் பிழை. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃபேயில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்திலும், டச்சு விமானி வானொலியில் சொன்ன ‘டேக்ஆஃப்’ தொடரைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறு விதமாகப் புரிந்துகொண்டது. அதன் பிறகு, ஓடுதளத்திலிருந்து கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் தவிர வேறெங்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும், மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்று சொல்ல வேண்டும் என்றும் நடைமுறை வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பின்னாளில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு படிகள் கொண்ட மொழித் தகுதி அளவுகோலை வகுத்தது. சர்வதேசப் பணிக்கு நான்காம் படி குறைந்தபட்சத் தேவை. தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்களும் வட்டார வழக்குகளைத் தவிர்த்து, கேட்பவருக்கு ஏற்பப் பேச வேண்டும் என்பதையும் அதன் வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. பொறுப்பு இரு பக்கமும் இருக்கிறது என்பதை விமானத் துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

வேலை விண்ணப்பமோ, மருத்துவருக்கு எழுதும் கடிதமோ, ஆய்வுக் கட்டுரையோ, அதில் யாரும் சாகப்போவதில்லை என்பதால் அளவுகோல் மாறிவிடாது. அங்கேயும் பிரச்சினை, எழுதியவர் நினைத்ததும் படித்தவர் புரிந்துகொண்டதும் ஒன்றா என்பதுதான்.

ஆகவே ஆசிரியர்களுக்கும், மேலாளர்களுக்கும், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அண்ணன் அக்காமார்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒருவர் தம் ஆங்கிலத்தைக் காட்டி உதவி கேட்டால், முதலில் இதை யார் படிக்கப்போகிறார் என்று கேளுங்கள். அடுத்து, இந்த இடத்தில் நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று தமிழிலேயே கேளுங்கள். பொருளைக் கெடுக்கும் சொல்லை முதலில் காட்டுங்கள். வெறுமனே உங்கள் காதை உறுத்தும் சொல்லைக் கடைசிக்கு வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மாற்றுச் சொல் ஒன்றை நீங்கள் தர நேர்ந்தால், ஏன் அது என்று ஒரு வரி காரணம் சேர்த்துத் தாருங்கள். அந்தக் காரணம் உங்களுக்கே தெரியவில்லையென்றால், இருவரும் சேர்ந்து ஒரு கற்பவர் அகராதியைத் திறந்து பாருங்கள். அப்படிச் சேர்ந்து தேடியவர் அடுத்த கடிதத்தைத் தாமே எழுதி, தாமே சரிபார்த்து அனுப்புவார்.